முட்டிக்கு எண்ணெய் தேய்த்தவர்களும் வரலாம்

எமனிடமிருந்து தப்பியவர்கள் புராணத்தில் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். எங்கள் வரலியாக்காவிடமிருந்து தப்பியவர் தென்காசி வட்டாரத்தில் கிடையாது.

தென்காசி மருத்துவமனை ஒன்றில் மூட்டுவலிக்கான புது மாத்திரையைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. நான் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுகிறவன். சேர்ந்தவர்கள் பாதியில் நழுவாமல் மாதாமாதம் வரவைப்பது அக்காவின் வேலை. ஃபோனில் 'ஹலோ' எல்லாம் கிடையாது. எடுத்ததுமே "வரலியா?"தான். அதுவே பெயராகிவிட்டது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீயைக்கூட ஸ்கூட்டர் இன்ஜினை அணைக்காமல்தான் குடிப்பார். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சொல்லியே ஆக வேண்டும் என்பது விதி. அக்காவும் சொல்வார். "இஷ்டமில்லன்னா எப்பம் வேணும்னாலும் நிறுத்திக்கிடலாம் அண்ணாச்சி" என்பது ஒரு மூச்சு. "அப்பம் காலைல வரலியா?" என்பது அடுத்த மூச்சு.

பண்பொழிக்காரர் ஒருவர் வர வேண்டிய நாளில் அவர் மகளுக்குக் கல்யாணம். அக்கா போய் மொய் எழுதி, பந்தியில் சாப்பிட்டு, பெண்ணின் அப்பாவைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். தாலி கட்டும்வரை பொறுத்திருந்ததே பெரிய மனசு.

முட்டியில் எண்ணெய் தேய்க்கக் கூடாது என்பது இன்னொரு விதி. "தேச்சிட்டு எம் மூஞ்சில முழிக்கக் கூடாது, சொல்லிட்டேன்!" என்று அக்கா எல்லாரையும் மிரட்டி வைத்திருந்தார். கடைசிப் பரிசோதனை நெருங்கிய நேரம் பார்த்து குற்றாலத்தில் சாரல் விழுந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். குத்துக்கல்வலசை பரோட்டா மாஸ்டர்கூட வரவில்லை. முதல் மாதமே மாத்திரையைக் கடித்துப் பார்த்து, "இது மாவுல்லா! மாவு எனக்குத் தெரியாதா?" என்றவர், அப்படியும் ஒரு தடவைகூடத் தவறாதவர்.

"இன்னும் நாலு பேராவது வராவிட்டால், மருந்து கேட்டதா இல்லையா என்று சொல்லவே முடியாது. எல்லாரும் ஒரு வருஷம் விழுங்கினது வீண்" என்றார் டாக்டர். அக்கா அன்றைக்கு டீயே குடிக்கவில்லை.

மாஸ்டர் குற்றாலத்தில் இருப்பதாகப் பரோட்டாக் கடையில் துப்புக் கிடைத்தது. என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்த அக்கா, எண்ணெய் தேய்க்கும் கொட்டகைக்குள் நேரே நுழைந்துவிட்டார். "ஏல, பொம்பளையாளு!" என்று யாரோ கத்த, கோவணக்காரர்கள் எல்லாரும் துண்டைத் தேடினார்கள். மாஸ்டர் பலகையில் மல்லாந்து கிடந்தார். தேய்க்கிறவரின் கை சரியாக முட்டியில் இருந்தது.

"என்ன அண்ணாச்சி, வரலியா?"

மாஸ்டருக்கு அழாத குறை. "தேச்சிட்டு மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு நீதான தாயி சொன்ன? போன வாரமே தேச்சிட்டேன். சாரலடிக்கையில மனசு கேக்க மாட்டேங்கு. எப்படி வருவேன்?"

அக்கா உட்கார்ந்துவிட்டார். எண்ணெய்ப் பலகையில், புதுச் சேலையோடு.

"எம் மேலதான் தப்பு அண்ணாச்சி. தேச்சா தேச்சேன்னு சொன்னாப் போதும், அதையும் எழுதிக்கிடுவோம். வராமப் போனாத்தான் எல்லாம் பாழு."

அடுத்த நிமிஷமே பலகை மேல் ஏறி நின்றார். "முட்டிக்கு எண்ணெ தேச்சவியளும் வரலாம்! யாரும் ஏச மாட்டோம்!"

மற்ற பலகைகளிலிருந்து எண்ணெய் வழியும் மூன்று தலைகள் மெல்ல நிமிர்ந்தன. மூன்றும் எங்கள் ஆட்கள். நாலு பேரையும் ஒரே ஆட்டோவில் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்தோம். தரையெல்லாம் எண்ணெயாகி டாக்டர் வழுக்கியதுதான் அன்றைய ஒரே சேதம். சோதனை தப்பித்தது. மாஸ்டருக்குக் கொடுத்தது நிஜ மருந்துதான் என்று பின்னால் தெரிந்தது. அவர் இன்னும் நம்பவில்லை.

நான் இப்போது சென்னையில். சாரல் விழுந்ததும் "வரலியா?" என்று அக்காவின் ஃபோன் வந்துவிடும். நானும் வருஷா வருஷம் ஏதாவது சாக்குச் சொல்வேன். இந்தத் தடவையும், "லீவு இல்லக்கா, என்னைய விட்டுருங்க" என்றேன்.

"இஷ்டமில்லன்னா எப்பம் வேணும்னாலும் நிறுத்திக்கிடலாம்லே" என்றார், வழக்கமான ஒரே மூச்சில். பின்னால் ஸ்கூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தேன். திடீரென்று அந்தச் சத்தம் நின்றது. அக்கா இன்ஜினை அணைத்திருந்தார்.

"நீ விட்டுட்டுப் போனவம்னு நான் இன்னும் எழுதல, பாத்துக்கோ."

தென்காசிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.