பன்னிரண்டு சிலிண்டர் தாலாட்டு

கார் அபிமானி என்று ஒரு பிறவி உண்டு. கார் வைத்திருப்பவரோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இருவருக்கும் சம்பந்தமே கிடையாது. கார் வைத்திருப்பவருக்குத் தன் வண்டியில் என்ன எஞ்சின் இருக்கிறது என்று தெரியாது. மழை வந்தால் வைப்பர் ஆடுகிறதா, வெயிலில் ஏசி குளிர்கிறதா, அவருக்கு அவ்வளவுதான். அபிமானியோ, இந்த ஜென்மத்தில் தான் ஏறப்போகாத ஒரு காரின் கதவுக் கைப்பிடி எந்த வருஷம் நாலு மில்லிமீட்டர் சுருங்கியது, அதைச் சுருக்கச் சொன்ன மேலதிகாரி யார், அந்த மனிதர் அதற்கு முன்னால் எந்தக் கம்பெனியில் எந்தக் காரைக் கெடுத்துவிட்டு வந்தார் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எழுப்ப வேண்டாம். கேட்கவும் வேண்டாம். அவராகவே சொல்வார்.

இந்தப் பிறவியைப் பக்கத்திலிருந்து கவனிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது. என் தங்கையை இப்படி ஒருவருக்குத்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகர். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லா தெரியுதா, இதுக்கு முன்னாடி வந்தது நல்லா தெரியுதா?" என்று நாள் முழுக்கக் கேட்பது வேலை. அந்த நேரம் பார்த்து வாசலில் ஏதாவது வண்டி உறுமிக்கொண்டு போனால் கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிடும். தாடையை ஏந்தலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அசையாமல் காத்திருக்க வேண்டும். "நாலு சிலிண்டர். டர்போ. மூணாவது சிலிண்டர் சரியா எரியல," என்று சுவரிடம் அறிவித்துவிட்டுத்தான் மாப்பிள்ளை நோயாளியிடம் திரும்புவார். சொந்த வண்டியா? பதினோரு வயதான ஒரு சின்னக் கார். அதன் இடது பக்கக் கண்ணாடி டேப்பின் தயவில் தொங்குகிறது. அதைப் பற்றிக் கேட்டால், "அது கார் இல்ல மச்சான், போக்குவரத்து," என்பார்.

இந்த இனத்தின் சுபாவம் முழுசாகத் தெரிய வேண்டுமானால், ஏதாவது ஒரு பெரிய கார் கம்பெனி வேடிக்கையாக ஒரு விளம்பரம் செய்ய வேண்டும். இப்போதெல்லாம் அந்தக் கம்பெனிகளுக்குக் காரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விற்க ஆசை வந்துவிட்டது. ஒருவர், இருக்கைத் தோலில் மிஞ்சிய துண்டுகளைத் தைத்து நாய்க்குக் கழுத்துப்பட்டை என்கிறார். ஒருவர், புதுக் காருக்குள் வரும் வாசனையைப் பாட்டிலில் அடைத்து சென்ட் என்கிறார். இன்னொருவர் குடை விற்கிறார்; மடக்கினால் கார்க் கதவு சாத்துகிற மாதிரி 'தொப்' என்று கேட்குமாம். வாங்குகிறவர் வாங்கட்டும் என்று நீங்களும் நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அபிமானியால் அது முடியுமா?

முதலில் அவர் நம்ப மாட்டார். "எவனோ விளையாட்டுக்குப் பண்ணியிருக்கான்," என்பார். பிறகு கம்பெனியின் சொந்தப் பக்கத்திலேயே அந்தக் குடையைப் பார்த்துவிட்டு அரை நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருப்பார். அப்புறம் கம்பெனியை ஆரம்பித்த கிழவரைத் துணைக்கு அழைப்பார். அவர் செத்து அறுபது வருஷம் ஆகியிருக்கும். ஆனால் மாப்பிள்ளை பேசுவதைக் கேட்டால் சொந்தப் பெரியப்பா என்று நினைத்துக்கொள்வீர்கள். "பெரியவர் மட்டும் இதைப் பாத்திருந்தா இன்னொரு தடவ செத்திருப்பாரு மச்சான்." கடைசியில் வரும் பாருங்கள் அந்தச் சபதம்: "இனிமே அந்தக் கம்பெனி காரை நான் வாங்கறதா இல்ல!"

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்பாள் என் தங்கை. "அப்படியே அந்தச் சமையலறைக் குழாயையும் பாத்துருங்க. ஒழுகிட்டே இருக்கு."

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் தாலாட்டுப் பெட்டி வந்து விழுந்தது. மாப்பிள்ளை குலதெய்வம் மாதிரி கும்பிடும் ஒரு கம்பெனி, பரம்பரை பரம்பரையாகச் செய்துவந்த பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினை நிறுத்திவிட்டு மின்சாரக் காருக்குப் போவதாக அறிவித்தது. போகிற போக்கில் உள்ளங்கை அளவு மரப்பெட்டி ஒன்றையும் விற்பனைக்கு விட்டது. பொத்தானை அமுக்கினால் அந்த எஞ்சின் மெல்ல உறுமும். எதற்கு? கைக்குழந்தையைத் தூங்க வைக்க. விளம்பரம் நாற்பது வினாடி. குழந்தை அழுகிறது, பெற்றவர்கள் மாற்றி மாற்றித் தோளில் போட்டுப் பார்க்கிறார்கள், அடங்கவில்லை, தொட்டில் பக்கத்தில் பெட்டியை வைக்கிறார்கள், எஞ்சின் உறுமுகிறது, குழந்தை தூங்குகிறது. திரையில் எழுத்து வருகிறது: 'எங்கள் எஞ்சின் ஓய்வு பெறவில்லை. வேலை மாறியிருக்கிறது.'

"பன்னெண்டு சிலிண்டரை ஆயா வேலைக்கு அனுப்பிட்டாங்க மச்சான்!" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு போன் வந்தது. யாரோ சொந்தக்காரர் போய்விட்டார் என்றே முதலில் நினைத்தேன், குரல் அப்படி இருந்தது.

அபிமானிக்கு ஒரு விசேஷம், எந்த விளம்பரத்தைப் பார்க்கச் சகிக்கவில்லையோ அதை நாற்பது தடவை பார்ப்பார். பார்த்து, "யாரும் பாக்காதீங்க!" என்று எழுதி, கூடவே அந்த விளம்பரத்தையும் ஒட்டி, பதினோராயிரம் பேருக்கு அனுப்புவார். மாப்பிள்ளைக்கு இணையத்தில் அப்படியொரு குழு உண்டு. ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, ஆனால் எல்லாரும் ஜென்மப் பகைவர்கள். அதில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். மாப்பிள்ளை கிழக்கு என்றால் அவர் மேற்கு என்பார். இரண்டு நாள் குழு முழுவதும் ஒப்பாரி. மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை, காதில் ஹெட்போனோடு நாற்பதாவது தடவை பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"இது பன்னெண்டே இல்ல! எட்டு! பன்னெண்டுன்னு சொல்லிட்டு எட்டுச் சிலிண்டர் சத்தத்தைப் போட்டு ஏமாத்தியிருக்கானுங்க!"

கடைக்கு லீவு போட்டார். விளம்பரச் சத்தத்தையும் அசல் பன்னிரண்டு சிலிண்டர் சத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அலை அலையாகப் படம் போட்டு, அம்புக்குறி இட்டு, நாலு பக்கத்துக்கு எழுதித் தள்ளினார். அடேயப்பா, குழு அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. சாயங்காலத்துக்குள் அது கடல் தாண்டிப் போய், முன்பின் தெரியாதவர்களெல்லாம் 'யார் இந்தக் காது?' என்று கேட்டார்கள். பல் டாக்டர் ஒருவர்தான், 'எனக்குப் பன்னிரண்டு மாதிரித்தான் கேட்கிறது' என்று ஒற்றை வரி எழுதிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்று மாப்பிள்ளை முகத்தில் இருந்த களையை அவர் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை சாயங்காலம் நான் அங்கே போயிருந்தபோது அவருடைய மகள் வேலையிலிருந்து வந்தாள். அவள் ஒரு விளம்பர ஆபீஸில் சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. இருப்பாளா போவாளா என்பது வெள்ளிக்கிழமை தெரியும். எந்தக் கம்பெனி விளம்பரம் செய்கிறாள் என்று வீட்டில் மூச்சு விடக் கூடாதென்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவளும் விடவில்லை, அந்தக் குணம் அம்மா வழி. பையைத் தரையில் போட்டுவிட்டு சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"அப்பா, நீங்க எழுதினதை எங்க மேனேஜர் பிரிண்ட் எடுத்துச் சுவத்துல ஒட்டியிருக்காரு."

மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் பல். "அப்படியா! என்ன சொன்னாரு?"

"அந்தச் சத்தத்தை யாரு போட்டதுன்னு கேட்டாரு."

"கேக்க வேண்டியதுதான். எவனா இருந்தாலும் முதல்ல அவனைத் தூக்கணும்."

"நான்தாம்ப்பா போட்டேன்."

சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்டது. அது எத்தனை சிலிண்டர் என்று யாரும் சொல்லவில்லை.

"கம்பெனியில ரெண்டு சத்தமும் அனுப்பினாங்க," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "ஷூட்டிங்ல பன்னெண்டைப் போட்டா குழந்தை வீல்னு கத்துதுப்பா. பதினஞ்சு தடவ போட்டுப் பாத்தோம். எட்டைப் போட்டதும் அப்படியே தூங்கிடுச்சு. படம் எடுத்துட்டு, அப்புறமா சத்தத்தை மாத்திக்கலாம்னு வெச்சேன். மறந்தே போச்சு."

"பன்னெண்டுக்குக் கத்துச்சா?" மாப்பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "சத்தம் எவ்வளவு வெச்சீங்க?"

"ஏங்க!" என்று என் தங்கை போட்ட அதட்டலில் அவர் வாயை மூடினார்.

"வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரங்க வர்றாங்க. அவங்க விளம்பரப் பிரிவுல யாருக்குமே வித்தியாசம் தெரியலையாம். நீங்க எழுதினதை மட்டும் கையில வெச்சுக்கிட்டுத்தான் கேக்கறாங்க. அது எட்டுதான்னு முடிவாயிட்டா, நான் அன்னிக்கே வீட்டுக்கு வந்துற வேண்டியதுதான்."

"அவங்களுக்கே தெரியலையா?" என்று முனகினார். அதற்குள் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். எழுதியதை அழித்துவிடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. நான் சொல்லலாமா என்று யோசித்தேன். மாப்பிள்ளை விவகாரத்தில் வாயைக் கொடுப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

அவர் மறுபடி ஹெட்போனை மாட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை முழுசாகக் கேட்டார். கழற்றினார்.

"மச்சான், சத்தியமா எட்டுதான்."

"தெரியும் மாப்பிள்ளை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க சொன்னீங்களே."

அதைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு போனை எடுத்து இரண்டே வரி தட்டினார்: 'மீண்டும் ஆராய்ந்ததில் அது பன்னிரண்டேதான். என் காது பிசகிவிட்டது, மன்னிக்கவும்.' அனுப்பும் பொத்தானுக்கு மேலே அவர் விரல் நின்ற நேரத்தில் நான் ஒரு காபி குடித்து முடித்திருக்கலாம். அமுக்கினார். உங்களுக்கும் எனக்கும் அது இரண்டு வரி. அந்த மனிதருக்கு ஆயுள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த ஒரே கௌரவம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. 'ஆரம்பத்திலேயே சொன்னேன்' என்று பல் டாக்டர் எழுதினார்; அதையே இரண்டு நாளில் முப்பது தடவை எழுதினார். 'ஆளை விலைக்கு வாங்கிவிட்டார்கள்' என்றார் ஒருவர். 'கண் டாக்டருக்குக் காது எதற்கு?' என்றார் மற்றொருவர். குழு இரண்டாகப் பிளந்து எட்டுக் கட்சி, பன்னிரண்டுக் கட்சி என்று அடித்துக்கொண்டது. மாப்பிள்ளை பெயரைச் சொல்லிக்கொண்டே இரண்டு கட்சியும் மற்ற குழுக்களுக்குள் புகுந்து அங்கேயும் தீ வைத்தன. கார் என்றால் நாலு சக்கரம் என்பதற்கு மேல் அறியாதவர்கள்கூட விளம்பரத்தைப் போட்டுக் காதை வைத்துக் கேட்டார்கள். வியாழக்கிழமை பதினோராயிரம் பேரும் ஒருமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். மாப்பிள்ளையைக் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை அவர் கடைக்குப் போனார். வாசலில் ஏதோ ஒன்று உறுமிக்கொண்டு போயிருக்கிறது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். அன்று சாயங்காலம் வீட்டில் நாங்கள் மூன்று பேரும் டிவியைப் பார்க்கிற மாதிரி கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மகள் வந்தாள். வரும்போதே சிரிப்பு.

"வேலை நிரந்தரம் பண்ணிட்டாங்க!"

என் தங்கை அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளையும் போய்ச் சேர்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் சத்தத்தைப் பத்தி என்ன கேட்டாங்க?" என்றார் மெதுவாக.

"ஒண்ணுமே கேக்கலப்பா! ஒரு வரைபடம்தான் காட்டினாங்க. செவ்வாய்க்கிழமை வரைக்கும் படுத்துக் கிடந்துது. நீங்க எழுதினதும் எழுந்து உக்காந்துது. புதன்கிழமை நீங்க மாத்தி எழுதினீங்க பாருங்க, அதுல கூரையைப் பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. பெட்டி ஒண்ணுகூட மிச்சம் இல்லயாம். 'வேணும்னே தப்பான சத்தத்தைப் போடலாம்னு யோசிச்ச மூளை யாருது?'ன்னு கம்பெனிக்காரர் கேட்டாரு. மேனேஜர் என்னைக் கை காட்டிட்டாரு. அடுத்த பெட்டியில ரெண்டு பொத்தான் வெக்கறாங்க. எட்டு ஒண்ணு, பன்னெண்டு ஒண்ணு."

மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்தார். "அப்போ நான் எட்டுன்னு சொன்னது சரின்னு ஒத்துக்கிட்டாங்களா?"

"அதைப் பத்தி யாருக்குப்பா கவலை?"

"சரி, குழுவில இருக்கற நாங்கெல்லாம் அவங்க கண்ணுக்கு என்ன? பெரிய ரசிகர்கள்னாவது நெனைக்கறாங்களா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். சொல்லலாமா என்கிற பார்வை. "எங்க ஆபீஸ்ல உங்களுக்கெல்லாம் ஒரு பேரு இருக்குப்பா. 'விநியோகப் பிரிவு.' சரக்கை நாங்க செய்வோம். ஊரெல்லாம் கொண்டு போய்ச் சேக்கறது நீங்க."

பாவம் என்று சிரிக்கிறீர்கள். நமக்கென்ன, நாம் கார்ப் பைத்தியம் இல்லையே என்கிறீர்கள். நியாயம்தான். ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது: தாலாட்டுப் பெட்டி என்றதும், அது எந்தக் கம்பெனியாக இருக்கும் என்று மனசுக்குள் இரண்டு மூன்று பெயர்களை ஓட்டிப் பார்த்தீர்களா, இல்லையா? நாளைக்கு வேலை இடத்தில், "குழந்தையைத் தூங்க வைக்க எஞ்சின் விக்கறானாம், இந்த அநியாயம் தெரியுமா?" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லாமல் உங்களால் இருக்க முடியுமா? என்னாலேயே முடியவில்லை, இவ்வளவு நீளத்துக்கு எழுதியிருக்கிறேன். இரண்டு பொத்தான் பெட்டி அடுத்த மாதம் வருகிறதாம். உங்கள் எல்லாருக்கும் முன்கூட்டியே நன்றி சொல்லச் சொன்னாள் என் தங்கை மகள்.