கமிஷனர் வந்த அன்று எங்கள் தெரு மணந்தது

பிடிவாதக்காரர்களில் இரண்டு வகை உண்டு. எடுத்த காரியத்தை முடிப்பவர்கள் ஒரு வகை. முடியப்போகிற காரியத்துக்குக் குறுக்கே நந்தி மாதிரி உட்கார்ந்துகொள்பவர்கள் இன்னொரு வகை. (நான் எந்த வகை என்று என் மனைவி கஸ்தூரியைக் கேட்டுப் பாருங்கள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும்.)

எங்கள் தெருவில் அப்போது ஒரு கால்வாய் ஓடியது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. திறந்த மண் கால்வாய். வெயில் காலத்தில் கொசு வளர்க்கும், மழைக் காலத்தில் நேராக வீட்டுக்குள் வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் எனக்கு வேலை. மழை நாளில் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால், கஸ்தூரி சமையலறையில் கறுப்புத் தண்ணீரை முறத்தால் வாரிக்கொண்டிருப்பாள். ஒரு மழையில் ரேஷன் அரிசி மூட்டையோடு நாசமானது. அடுத்த மழையில் பெரிய மகளின் பரீட்சைப் புத்தகங்கள். அவள் அழவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் துணிக்கொடியில் காயப்போட்டாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு வெறி வந்தது.

அந்தச் சமயம் பகுதி சபா கூட்டம் நடந்தது. நம் பகுதிக்கு எது முதலில் வேண்டும் என்று நாமே சொல்லலாம். ஒருவர் தெருமுனையில் அலங்கார வளைவு கேட்டார். இன்னொருவர் பூங்காவில் உடற்பயிற்சிக் கருவிகள் கேட்டார் (மாடிப்படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும்). நான் எழுந்தேன்.

"வளைவு வெச்சா அதுக்குக் கீழ படகுதான் உடணும். மொதல்ல கால்வாயக் கட்டுங்க."

கை தட்டினார்கள். நான் பேசி மற்றவர்கள் கை தட்டியது அதுவரை நடந்ததில்லை. தலை லேசாகக் கனத்துவிட்டது.

கடைசியில் கால்வாய்தான் முதல் என்று முடிவானது. ஆனால் அந்த வருஷத்து நிதி ஒரு தெருவுக்குத்தான் வரும். எங்கள் தெருவா, பின் தெருவா என்று பேச்சு வந்தது. நகராட்சி கமிஷனர் மேடம் புதன்கிழமை காலை நேரில் வந்து பார்த்து, எது மோசமோ அதற்குக் கொடுப்பதாகச் சொன்னார். எனக்கு ஒரே குஷி. மோசத்தில் எங்களை மிஞ்ச இந்த ஜில்லாவிலேயே ஆள் கிடையாது.

வீடு வீடாகப் போய், மேடம் கால்வாயைப் பார்க்க வருகிறார், வாசலில் நின்று குறையைச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை நிம்மதியாக நைட் ஷிஃப்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கித் தெருவுக்குள் திரும்பியவன், வேறு தெருவுக்கு வந்துவிட்டேனோ என்று நின்றுவிட்டேன். கால்வாயைத் தூர் வாரியிருந்தார்கள். இரண்டு பக்கமும் கோடு கிழித்த மாதிரி பிளீச்சிங் பவுடர். வாசல்தோறும் கோலம். எங்கிருந்தோ ஊதுவத்தி வாசனை வேறு. தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாடி இது?" என்றேன் கஸ்தூரியிடம்.

"மேடம் வராங்கன்னு சொன்னீங்கள்ல? விடிய விடிய லைட்டு போட்டுக்கினு தெருவே சேந்து செஞ்சோம்."

"அழுக்கப் பாக்கத்தான அவங்க வராங்க?"

எதிர் வீட்டு மேரி அக்கா துடைப்பத்தோடு வந்தார். தெருவில் நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நிற்பவர் அவர்தான்.

"ஏம்ப்பா, ஒரு பொம்பள ஆபீசரு ஊட்டு வாசலுக்கு வராங்க. நாத்தத்துல நிக்க வெச்சா பேசுறது? கொறைய வாயால சொல்லிக்கினா போதும். மானத்தையும் அவுத்துக் காட்டணுமா இன்னா?"

அக்கா சொன்னதிலும் தப்பில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் கிழிந்த பாயை முதலில் ஒளித்து வைப்பவன் நான்தான். ஆனால் காயப்போட்ட புத்தகங்கள் கண்ணுக்குள் வந்தன. விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

வாரிய சேறு தெருமுனையில் குவிந்து கிடந்தது. பக்கத்தில் கட்டட வேலைக்கு வைத்திருந்த இரும்புப் பாண்டு ஒன்று. யூனிஃபாரத்தோடு, கழுத்தில் அடையாள அட்டை ஆட ஆட, சேற்றைப் பாண்டில் அள்ளிக்கொண்டு வந்து கால்வாயில் கொட்ட ஆரம்பித்தேன். மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு கண். ஜீப் வந்தால் பாண்டைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்பது திட்டம்.

மேடம் ஜீப்பில் வரவில்லை. பின் தெருவைப் பார்த்துவிட்டு, நடந்தே என் முதுகுப் பக்கமாக வந்தார்.

"என்ன பண்றீங்க?"

பாண்டோடு திரும்பினேன். தூக்கமில்லாத மூளைக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"இங்க இருந்து எடுத்ததுதான் மேடம். இருந்த எடத்துலயே திருப்பி வெக்கிறேன்."

மேடம் என்னைப் பார்த்தார், கோலங்களைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். "இத்தனை பேர் கஷ்டப்பட்டுச் சுத்தம் செஞ்சிருக்காங்க. யார் இவர்?"

கஸ்தூரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தெரியலயே மேடம். எதோ கம்பெனி ஆளு போல."

(எங்கள் கல்யாணத்தில் ஊரே சாப்பிட்டிருக்கிறது.)

சுகாதார ஆய்வாளர் எனக்கு அங்கேயே அபராத ரசீது எழுதினார். பெண்களைக் கோலத்தின் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். முன்மாதிரித் தெரு என்று மேடம் பாராட்டினார். ஏதாவது குறை உண்டா என்று கேட்டதற்கு, வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்ற மேரி அக்கா வெட்கத்தோடு, "மழைல மட்டும் கொஞ்சம் பேஜாரு மேடம்," என்றார். கான்கிரீட் கால்வாய் பின் தெருவுக்குப் போனது.

ஐப்பசி மழையில் தண்ணீர் மறுபடி உள்ளே வந்தது. எனக்கு நிஜமாகவே வலித்தது. யார்மேல் கோபப்படுவது? கஸ்தூரி முறத்தால் வாரிக்கொண்டே, "அடுத்த தபா தொடப்பத்தத் தொட மாட்டேன்," என்றாள். மன்னிப்பு கேட்பது அவள் பழக்கமில்லை. அதுவே பெரிய விஷயம்.

விடுவேனா? அதற்குப் பிறகு நடந்த எந்தக் கூட்டத்தையும் நான் தவறவிடவில்லை. நான் நுழைந்தாலே அலுவலகத்தில் "பாண்டு சார் வந்துட்டாரு" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று மனுவை நீட்டுவேன். மறு வருஷம் மேடம் மறுபடி வரச் சம்மதித்தார்.

மேரி அக்கா வீட்டில் தெருவே கூடியது. துடைப்பத்தை யாரும் தொடக் கூடாது என்று முடிவு செய்தார்கள்.

"இன்னொண்ணு," என்றார் மேரி அக்கா என்னைப் பார்த்து. "அன்னிக்கு நீ தெருவுலயே இருக்கக் கூடாது."

கவரைப்பேட்டையில் இருக்கும் என் மச்சான் வீட்டுக்கு என்னை அனுப்பிவிட்டார்கள். அவன் வைத்த நாஷ்டாவை விட்டுவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில், குப்பைக்கு நடுவே, மேரி அக்கா கூனிக் குறுகி நின்றாராம். கஸ்தூரி மேடத்தைச் சமையலறைக்கே கூட்டிக்கொண்டு போய், சுவரில் தண்ணீர் நின்ற கறையைக் காட்டினாளாம். மதியம் போன் வந்தது.

"குட்த்துட்டாங்க," என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. நான் மச்சான் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

கால்வாய் வந்தது. இப்போது எந்த மழையிலும் எங்கள் சமையலறை காய்ந்தே இருக்கிறது. ஆனால் அன்றோடு என் குடும்பம் ஒரு சித்தாந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டது. வீட்டுக் கடனுக்கு பேங்க்காரர் பார்க்க வந்த அன்று என்னைக் கவரைப்பேட்டைக்கு அனுப்பினார்கள். கடன் கிடைத்தது. சின்னவள் ரிசல்ட் வந்த அன்றும் அனுப்பினார்கள். பாஸ்.

போன வாரம் பெரியவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று பேச்சு வந்தது. அப்பன் இல்லாமல் எப்படி என்று கேட்டேன். கஸ்தூரி என் சட்டையை மடித்துப் பையில் வைத்தாள். கல்யாணப் பெண்தான் பதில் சொன்னாள்.

"நைனா, காலைல கவரைப்பேட்டைக்கு வண்டி இருக்குது."