தப்பை அடுத்த வரிக்கு அனுப்பாதவன்

ஒரகடத்துத் தொழிற்சாலை மெஷின்கள் அத்தனையும் சேர்ந்து போடாத சத்தத்தை, ஒரு பழைய கிட்டாரை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாகப் போட்டவன் 'லைன் ஸ்டாப்'. அவனோடு ஒரே அறையில் குடியிருந்த பாவி நான். கம்பெனியில் கொடுத்த காதடைப்பானை அறையில்தான் அதிகம் போட்டேன்.

எங்கள் கார் கம்பெனியில், நகர்ந்து வரும் வண்டியில் தப்பைப் பார்த்தால் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். லைன் நின்றுவிடும், சரிசெய்த பிறகே ஓடும். சூப்பர்வைசருக்குப் பயந்து நாங்கள் தயங்குவோம். இவன் அந்தக் கயிற்றில் ஊஞ்சலாடாத குறை. பெயர் ஒட்டிக்கொண்டது.

கிட்டாருக்கும் அதே சட்டம். பையில் வைத்தால் எடுக்கச் சோம்பல் வரும் என்று தலைமாட்டிலேயே ஆணியடித்து மாட்டினான். டீ கொதிக்கும் நேரத்தில் ஒரு கார்டிலிருந்து, அதாவது ஒரு விரல்பிடியிலிருந்து, இன்னொன்றுக்கு மாற்றம், துணி ஊறும் நேரத்தில் அரைப் பாட்டு. எஃப் கார்டில்தான் அடிக்கடி விரல் பிசகும். பிசகினால் "லைன் ஸ்டாப்!" என்று தனக்கே கத்திக்கொண்டு, பிசகிய இடத்தை மட்டும் நத்தை வேகத்தில் வாசிப்பான்.

"முழுப் பாட்ட ஒரு தபா வாசியேன்டா, சாமி!"

"பழுத வெச்சிகினே வண்டிய பெயின்ட் அடிக்க அனுப்புவியாடா நீ?"

மாதா கோவில் பாட்டுக்குழுவில் சேர்வதுதான் அவன் உயிர். பலமுறை துரத்திய பாட்டு மாஸ்டர் கடைசியில் இறங்கி வந்தார். "திருவிழா பூசைல காணிக்கப் பாட்டு மட்டும் வாசி. கெடுத்தேன்னு வெச்சுக்கோ, கிட்டார தூக்கினு இந்தப் பக்கமே வரக்கூடாது."

திருவிழாவன்று கோவில் நிரம்பி வழிந்தது. முதல் வரி அமோகம். இரண்டாவதில் அந்தப் பாழாய்ப்போன எஃப் கார்டில் விரல் வழுக்கியது.

"லைன் ஸ்டாப்!"

பழக்கதோஷத்தில் கத்தியேவிட்டான்! பாட்டுக்குழுவில் பாதிப்பேர் எங்கள் லைன் ஆட்கள், கப்சிப்பென்று நிறுத்திவிட்டார்கள். காணிக்கைத் தட்டோடு நடந்தவர்களும் நின்றார்கள். தொலைந்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவனோ அந்த ஒரே மாற்றத்தை மெல்ல வாசித்தான். மறுபடி வாசித்தான். சுத்தமாக விழுந்ததும் தலையாட்டினான். நின்ற வரியிலிருந்தே குழு எடுத்தது பாருங்கள், கோவிலே கூடச் சேர்ந்து பாடியது! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பூசை முடிந்ததும் மாஸ்டர் பாய்ந்தார். "இன்னாய்யா, தப்பு பண்ணியா இல்லியா?"

"பண்ணேன் மாஸ்டர். அடுத்த வரிக்கு அனுப்பலியே!"

முறைத்தவர் சிரித்தே விட்டார். "ஞாயித்துக்கெழம சீக்கிரம் வா. எங்க ஆளுங்களுக்கும் உங்க கம்பெனிக் கயித்த இழுக்கக் கத்துக்குடு."

அன்று சாயங்காலம் அடுப்பில் டீயை ஏற்றிவிட்டு, வழக்கம்போல் கிட்டாரை ஆணியிலிருந்து எடுத்தான். என் கை தானாகக் காதடைப்பானைத் தேடிப் போனது. எடுத்து ஜன்னல் வழியே வீசினேன்.

"இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ எத்தினி தபா வேணா நிறுத்திக்கோ. நான் கேட்டுகினு கீறேன்."