தங்கச்சியின் ஃபோனிலிருந்து நான் நீக்கிய மொழி

ஈரக் கம்பளி சூட்டில் காயும் வாசம் எங்கே வந்தாலும் என் காது மடல் சிவந்துவிடும். மற்றவர்களுக்கு அந்த வாசம் அடுப்படியை, மழை நாளை, பிள்ளைகளின் சொக்ஸை நினைவூட்டும். எனக்கு வருவதோ, நான் என் கையாலேயே சமைத்த ஓர் இயங்குதளத்தின் நினைவு. கெட்டிக்காரன் என்று நாலு பேர் சொல்லிவிட்ட ஆள் ஒரு வீட்டில் இருப்பது கூரையில் ஒழுக்கு இருப்பதைவிட ஆபத்து. ஒழுக்குக்குக் கீழே வாளியாவது வைக்கலாம்.

அப்போது ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஃபோன் திருத்தும் கடை வைத்திருந்தேன் (இப்போதும் அதே கடைதான், பலகைக்கு மட்டும் புதுப் பெயின்ட்). வீடு டிக்கோயாவில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கும் காம்பராக்களில் ஒன்று. அம்மா, நான், தங்கச்சி பவானி. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்வது பவானியின் வேலை. அவள் அரசாங்க ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். கிடைத்தால் எங்கள் பரம்பரையிலேயே பென்சன் வாங்கப்போகும் முதல் ஆள் அவள். கிடைக்காவிட்டால் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதாக ஏஜென்சிக்காரரிடம் சொல்லி வைத்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு ஃபோனுக்குக் குறுஞ்செய்தியாக வரும் என்றார்கள்.

ஃபோனோ கிழடு. ஒரு படம் எடுத்தால் இடமில்லை என்று புலம்பும். கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் அண்ணே என்று கேட்டாள். பழைய படங்கள் நாலை அழித்துக் கொடுத்திருந்தால் காரியம் முடிந்தது. நான் மூலநிரலை இறக்கி, இயங்குதளத்தையே அடியிலிருந்து புதிதாகக் கட்டப் புறப்பட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபோனை ஓட்டும் மென்பொருளின் மூலநிரல் இணையத்தில் சும்மா கிடைக்கிறது. அதை ஓடும் வடிவத்துக்கு மாற்றுவதற்கு முன், எது வேண்டும் எது வேண்டாம் என்று அமைப்புக் கோப்புகளில் நாமே தீர்மானிக்கலாம். நீக்கிய வரிக்குரிய பொருள் அந்த ஃபோனின் உலகத்தில் பிறக்கவே பிறக்காது. இப்படி ஓர் அதிகாரத்தை என்னைப்போல் வசன கவிதை எழுதுகிறவன் கையில் கொடுக்கவே கூடாது (எழுதினேன், யாரும் தடுக்கவில்லை).

தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவதுபோல் வெட்டினேன். அசையும் சுவர்ப்படங்கள் போயின. அச்சிடும் வசதி போயிற்று. பனி பெய்யும் தேசங்களின் மொழிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பிறகு சிங்களம் என்ற வரி வந்தது. விரல் நின்றது.

ஆஸ்பத்திரித் துண்டு சிங்களத்தில். பொலிஸில் நான் சொன்னதை அவர்கள் சிங்களத்தில் எழுத, எழுதியது என்னவென்று தெரியாமலே கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்பா செத்தபோது பவானி சின்னப் பிள்ளை. அவர் எதனால் செத்தார் என்பதை அறிய, மரணச் சான்றிதழைப் பேக்கரி முதலாளியிடம் கொண்டுபோய் நின்றேன். அவர் பாணைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே வாசித்துச் சொன்னார்.

மொழிப் பட்டியலிலிருந்து அந்த வரியை எடுத்தேன். ஆத்திரம் அடங்கவில்லை. எழுத்துருவையும் எடுத்தேன். தமிழும் இங்கிலீஷும் போதும், இனி நம் வீட்டு ஃபோனில் மூன்றாவது மொழிக்கு இடமில்லை என்று அம்மாவிடம் பிரகடனம் செய்தேன். சோறு ஆறுகிறது என்றாள் அம்மா. அந்த எழுத்துரு போனதில் மிச்சமான இடம் ஒரு பூப்படம் வைக்கக்கூடக் காணாது. எனக்கு அது தெரியும்.

கடையில் கழித்துப்போட்டு வீட்டுக்குத் தூக்கிவந்த பெரிய கணினி நாள் கணக்கில் உறுமியது. கரண்ட் போகும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வெளியே விடாத மழை, எங்கள் காம்பராவில் மட்டும் கோடை. கணினியின் முதுகில் வரும் அனலைக் கண்டுகொண்ட லயத்து ஆட்கள் ஈரக் குல்லா, காலுக்குப் போடும் மேசு, ஸ்வெட்டர் என்று கொண்டுவந்து சார்த்தினார்கள். தொங்கும் கம்பளிகளுக்கு நடுவே அமர்ந்து, ஏதோ யாகம் வளர்ப்பவன்போல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டி முடித்ததை ஏற்றியதும் ஃபோன் பறந்தது. கிழட்டு மாட்டை மானாக்கிவிட்டாய் என்று நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன். சில வாரம் போயிருக்கும். கடைக்கு அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பவானி ஃபோனை நீட்டினாள்.

"அண்ணே, இது என்னா, பெட்டி பெட்டியா வந்திருக்கு?"

வெற்றுக் கட்டங்கள், லயத்துக் காம்பராக்கள் மாதிரி வரிசையாக. எழுத்துரு இல்லாமல் வந்து விழுந்த சிங்களம் என்று பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"கம்பனிக்காரன் விளம்பரம். அழிச்சிரு."

அண்ணன் கெட்டிக்காரன் அல்லவா, அழித்துவிட்டாள். அவளுக்குச் சிங்களம் நன்றாக வாசிக்க வரும். இந்த வேலைக்காகவே டவுனில் ஒரு டீச்சரிடம் போய்க் கற்றவள். எனக்கு வராத மொழியை நான் அவளிடமிருந்து எடுத்திருந்தேன்.

கூடவே விண்ணப்பித்த பக்கத்துத் தோட்டத்துச் சாந்தி ஒருநாள் வந்து, "என்னாடி, இன்டவியூவுக்கு வராமலே இருந்துட்ட?" என்று கேட்டபோதுதான் கட்டங்கள் திறந்தன.

நுவரெலியாவில் இருந்த அலுவலகத்துக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் உரையை மனப்பாடம் செய்தேன். அங்கிருந்த சிங்கள கிளார்க்கின் மேசைமுன் நின்று, தமிழருக்கு ஏன் தமிழில் அனுப்பவில்லை, சட்டம் என்ன சொல்கிறது என்று முழங்கினேன். ஒரு சண்டை வேண்டியிருந்தது எனக்கு. அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே சொன்னார்.

"நீங்க சொல்றது சரி. தமிழ்லயும் அனுப்ப வேணும். ஆனா இப்ப ஆள் எடுத்து முடிஞ்சு தானே."

பிறகு, செய்தி ஏன் கிடைக்கவில்லை என்று பார்க்க, தன் ஃபோனிலிருந்து பவானிக்குச் சிங்களத்தில் ஒரு வரி அனுப்பினார். எங்கள் கண்முன்னாலேயே அது கட்டங்களாக வந்து விழுந்தது. எட்டிப் பார்த்து அனுதாபத்தோடு தலையாட்டினார்.

"ஃபோன் பழுது. ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் கிட்ட ஒரு கடை இருக்கு. நல்ல வேலைக்காரன். அங்க குடுங்க."

பவானி என்னைப் பார்த்தாள். அவர் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அடுத்த மேசை என்னவென்று கேட்டது, அவர் சொன்னார். சிரிப்பு மேசை மேசையாகப் போய்ச் சன்னலைத் தொட்டது. ஒன்றும் விளங்காமல் நானும் சிரித்தேன்.

என் வாழ்நாளில் நான் நடத்திய ஒரே மொழிப் போராட்டம் அது. அதில் தோற்றவள் பவானி.

அந்த வாக்கியத்தை அவள் எனக்கு இன்றுவரை தமிழில் சொல்லவில்லை. வீட்டில் விசேஷம் என்றால் குவைத்துக்கு அழைப்பெடுத்து, அதைச் சொல்லு பவானி என்பார்கள். ஃபோன் ஸ்பீக்கரில் சொல்வாள். பள்ளியில் சிங்களம் படிக்கும் பொடிசுகள்கூட உருண்டு புரண்டு சிரிக்கின்றன. எனக்கு மட்டும் யாரும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.

அவள் போன அன்று ஏஜென்சி வேன் கடைத்தெருவில் நின்றது. புது ஃபோன் ஒன்று வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே கொடுத்தேன். முதலில் ஒட்டு கிழிந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தாள். வேன் கதவைச் சாத்தப்போகும்போது சன்னல் வழியாகக் கேட்டாள்.

"இதுல அரபி இருக்குங்களாண்ணே, இல்ல அதையும் நமக்கு வேணாமுன்னு எடுத்துட்டீங்களா?"