குருவிக் குவார்ட்டர்ஸ்

தாயுமானவன் பன்னிரண்டு வீடு கட்டினார். ஒரு குருவிகூடக் குடி வரவில்லை.

வீடென்றால் சிட்டுக்குருவிக்கு மரப்பெட்டி. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர் செய்தது. குறை சொல்ல முடியாது. வாசல் துளை முப்பத்திரண்டு மில்லிமீட்டர், வெர்னியர் வைத்து அளந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸ் மாதிரி ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி, ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டு வீட்டின் கொல்லைச் சுவரில் வரிசையாக மாட்டினார். மேலே ஒரு போர்டு: 'குருவிகள் குடியிருப்பு. சத்தம் போடாதீர்.'

அந்தப் போர்டைப் படிக்க வேண்டிய ஆள் ஒருத்திதான். அவர் மனைவி ரெங்கநாயகி. அரிசி புடைப்பது, பாத்திரம் தேய்ப்பது, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேத்தரின் டீச்சரோடு ஊர்க்கதை பேசுவது எல்லாமே அவளுக்குக் கொல்லையில்தான்.

"நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராதே," என்றார்.

"ஏங்க?"

"குருவிக்கு அமைதி வேணும்."

"குருவி சொல்லிச்சா?"

"நான் சொல்றேன்."

"பாத்திரம்?"

"உள்ள சிங்க் இருக்குல்ல?"

"அரிசி எங்க புடைக்கிறது?"

"எங்கயாவது புடை."

"சரிங்க."

முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. அதை அவர் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. கொல்லையை ஒரு நொய்கூட இல்லாமல் சுத்தமாகப் பெருக்கினார். காலையும் மாலையும் ஸ்டூலில் ஏறி, பெட்டி பெட்டியாகத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். பல்லி ஒன்று இருந்தது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. கொள்ளிடக் கரையில் தினம் தன்னோடு நடக்க வரும் ஒன்பது பேரிடமும் வாயை விட்டிருந்தார். "பங்குனி முதல் ஞாயித்துக்கிழமை வாங்க. குருவிக் காலனியே காட்டுறேன்."

ஒன்பது பேரில் ஜெய்சங்கரும் உண்டு. ஒர்க்‌ஷாப்பில் இவருக்கு சூப்பர்வைசராக இருந்தவர். இவர் செய்த எதையும் முதல் தடவையில் பாஸ் பண்ணாதவர்.

"பெட்டி இருக்கும். குருவி இருக்குமாய்யா?" என்றார் ஜெய்சங்கர்.

"இருக்கும்."

"பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' தாயுமானவனுக்குத் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

ஞாயிறுக்கு மூன்று வாரம் இருந்தபோது ஒரு காலையில் கீச்சு கீச்சென்று ஒரே இரைச்சல். ஓடி வந்தார். பன்னிரண்டும் காலி. சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம். ஸ்டூலைப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தார்.

கேத்தரின் டீச்சர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே ரெங்கநாயகி, முறமும் கையுமாக. அவள் காலடியில் இருபது குருவி. இன்னும் நாலு குருவி, ஜன்னலில் கட்டியிருந்த பழைய செருப்பு டப்பாவுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அந்த டப்பாவின் துளையை யாரும் அளந்த மாதிரி தெரியவில்லை.

"அங்க என்ன பண்றே?" என்று கத்தினார்.

"எங்கயாவது புடைன்னீங்களே."

"அண்ணே, சத்தம் போடாதீங்க," என்றாள் டீச்சர். "குருவி சாப்பிடுது."

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சுவார்த்தை.

"இந்தப் பக்கமே வந்துடு."

"போர்டு இருக்கே."

"கழட்டிட்டேன்."

"ஸ்டூலு?"

"உள்ள வச்சிட்டேன்."

"முட்டி வலிங்க. ரெண்டு வேலைக்கும் உக்காந்து எந்திரிக்க முடியல. நான் புடைக்கிறேன். பாத்திரத்தை நீங்க தேய்ங்க."

"குருவிக்கும் பாத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"அந்தக் கணகணச் சத்தம் கேட்டாத்தான் அது வரும். இங்க சோறு இருக்குன்னு அர்த்தம். நான் எத்தனை வருஷமா தேய்க்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"சிங்க்ல தேய்ச்சா?"

"வெளியில இருக்கிற குருவிக்கு எப்படிங்க கேக்கும்?"

தாயுமானவன் யோசித்தார். ஒர்க்‌ஷாப்பில் சங்கு ஊதினால் ஆள் வருகிறது. நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குழாயடியில் உட்கார்ந்தார். இட்லிப் பானை, குக்கர், அடிபிடித்த பால் பாத்திரம். குருவி காதில் நன்றாக விழட்டும் என்று கொஞ்சம் ஓங்கியே தேய்த்தார். மூன்றாம் நாள் குருவிகள் வந்தன. ஐந்தாம் நாள் ஓர் ஆண் குருவி நாலாம் நம்பர் குவார்ட்டர்ஸுக்குள் வைக்கோல் கொண்டுபோனது.

ஒன்பதாம் நாள் அவருக்குச் சந்தேகம் வந்தது. பாத்திரத்தைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எட்டு மணி. ஒன்பது மணி. ஒரு குருவி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கல்யாண வீடு மாதிரி சத்தம்.

"நான்தான் சொன்னேனே," என்றாள் ரெங்கநாயகி. முகத்தில் ஒன்றுமில்லை.

பாய்ந்து போய் வாணலியை எடுத்தார். அவளும் முறத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அரை மணியில் குருவிகள் திரும்பின. மறுநாளும் சோதித்தார். அதே முடிவு. இரண்டு முறை சோதித்து ஒரே முடிவு வந்தால் ஒர்க்‌ஷாப்பில் பாஸ். அதன் பிறகு அவர் ஒரு கரண்டியைக்கூட விட்டு வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேரும் வந்தார்கள். பன்னிரண்டில் ஏழு பெட்டியில் குடித்தனம். ஜெய்சங்கர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். குறை அகப்படவில்லை.

"எப்படிய்யா வரவழைச்சே?"

"பாத்திரம்," என்றார் தாயுமானவன். "வெளியில உக்காந்து தேய்க்கணும். நல்லா சத்தம் வரணும். தேய்க்கலைன்னா வராது. ரெண்டு தடவை சோதிச்சுப் பாத்துட்டேன்."

ஒன்பது பேரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவர் போனில் குறித்துக்கொண்டார்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேத்தரின் டீச்சரின் குரல் வந்தது. இங்கே ஆள் கூடியிருப்பது அவளுக்குத் தெரியாது.

"ரெங்கா, அண்ணன் இன்னைக்குத் தேய்ச்சிட்டாரா? இல்ல, அன்னைக்கு மாதிரி நொய்யை நான் இந்தப் பக்கமே போட்டுடவா?"

போனில் குறித்துக்கொண்டவர் குறித்ததை அழித்தார்.

ரெங்கநாயகி காபித் தட்டோடு வந்தாள். ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். "குடிச்சிட்டு டம்ளரைக் குழாயடியில வச்சிடுங்க," என்றாள். "அவர் பாத்துக்குவார்."

வைத்தார்கள். தாயுமானவன் மரப்பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் டம்ளரை எடுத்தார்.

ஜெய்சங்கர் ஏழு பெட்டியையும் இன்னொரு தடவை எண்ணினார். வாழ்க்கையில் முதல் முறையாகத் தலையை ஆட்டினார்.

"வேலை பாஸ். யார் செஞ்சதுய்யா?"

தாயுமானவன் தேங்காய் நாரால் சோப்பைத் தொட்டார்.

"ரெங்கநாயகி."