கத்தரிக்கோலர் வெட்டிய மாமனார்

நோர்வேயில், குரோருட்டில் எங்கள் குடியிருப்பில் கத்தரிக்கோலர் வெட்டாமல் விட்ட கடதாசி ஒன்று இருக்குமானால், அது இன்னும் அச்சாகவில்லை என்று அர்த்தம். மனுஷன் இத்தாலிக்காரர். அகப்பட்ட படங்களை வெட்டி ஒட்டிப் புதுப்படம் ஆக்குவது தொழில். அவர் பெயர் எங்கள் ஒருவர் வாயிலும் நுழையாது. கோட்டுப் பையில் எப்போதும் கத்தரிக்கோல் இருந்ததால் கத்தரிக்கோலர் ஆனார்.

வரிக் கந்தோர்க் கடிதத்தை வெட்டி மீனுக்குச் செதில் வைத்தவர் அவர். நிலவறையில் இருக்கும் பொதுச் சலவை அறையில் யார் எப்போது தோய்க்கலாம் என்று தொங்கவிட்ட அட்டவணை ஒருநாள் காணாமல் போனது. மூன்று கிழமை ஊத்தை உடுப்போடு சண்டை பிடித்தோம். பிறகு பார்த்தால், அவருடைய முதல் கண்காட்சியில் அது ஒரு மாதா கோயிலுக்கு ஜன்னலாக இருந்தது. கண்காட்சி நடந்ததும் அதே சலவை அறையில்தான்!

ஆனால் தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் பேருபகாரி. சாமிப் படம் போட்ட பழைய கலண்டரை எங்கள் ஆட்கள் குப்பையில் போடமாட்டார்கள். பல்கனியில் எரித்தால் தீயணைப்பு வண்டி வரும். ஆகவே தை பிறந்ததும் முருகனும் பிள்ளையாரும் பையில் ஏறிக் கத்தரிக்கோலர் வாசலுக்குப் போய்விடுவார்கள். இந்த வழியைக் கண்டுபிடித்த மகா புத்திசாலி நான்தான்.

அந்தப் புத்திசாலி போன வருடம் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது மாமனாரின் கல்வெட்டையும் அந்தப் பையில் போட்டுவிட்டான். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அவர் படத்தோடு அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகம்தான் கல்வெட்டு. அட்டையில் பிள்ளையார் இருந்தால் நான் என்ன செய்வேன்? என் மனைவி வசந்தியிடம் இருந்தது அந்த ஒரு பிரதிதான். "அப்பான்ரை கல்வெட்டை எங்கையப்பா வைச்சனீங்கள்?" என்று அவள் அழாக்குறையாகத் தேட, நானும் கட்டிலுக்குக் கீழே குனிந்து தேடினேன். உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை.

இந்த நேரம் பார்த்துக் கத்தரிக்கோலருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. நகரத்தில் பெரிய கலைக்கூடத்தில் கண்காட்சி. கலண்டர் கொடுத்த எல்லாருக்கும் அழைப்பு. வசந்தி காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு வந்தாள்.

உள்ளே கால் வைத்தோம். எதிர்ச் சுவரில் மாமனார்! அதே விபூதிக் குறி, கணக்கு வாத்தியாரின் அதே முறைப்பு. கழுத்துக்குக் கீழே மட்டும் பனிச்சறுக்கு வீரனின் இறுக்கமான நீல உடுப்பு. முருகனின் மயில் அவரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு குரோருட் ரயில் நிலையத்துக்குள் நுழைகிறது. வேட்டியைத் தவிர வேறொன்றை அறியாத மனுஷன்!

கத்தரிக்கோலர் ஓடி வந்து, பிடித்திருக்கிறதா என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

"அது என்னுடைய தகப்பன்," என்றாள் வசந்தி.

அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "கலண்டர்ப் பையில் கிடந்தார். யாரென்று தெரியாது. எங்கேயோ போகப் புறப்பட்டு, போக முடியாமல் நிற்கிற ஆள் போலத் தெரிந்தது. அதனால்தான் இங்கே கூட்டி வந்தேன்," என்றார்.

வசந்தி மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் வசந்தி... தெரியாமல் கலண்டரோடை..." என்றேன்.

அவள் மறுபடி படத்தைப் பார்த்தாள். மகளின் வீட்டைப் பார்க்க மூன்று தரம் விசா கேட்டு, மூன்று தரமும் இல்லையென்ற பதிலோடு கண்ணை மூடியவர் மாமனார். அந்தத் துக்கம் அவளுக்கு ஆறவே இல்லை.

"அப்பா வந்திட்டார்," என்றாள். கண்ணீர் வழிந்தது. "இஞ்சேருங்கோ, எனக்குக் கதைக்க ஏலாமல் கிடக்கு. காதுக்கை குளிர் போகும், ஒரு தொப்பி போட்டுவிடச் சொல்லுங்கோ."

சொன்னேன். கத்தரிக்கோலர் கண்காட்சிக் கையேட்டை எடுத்தார். அதில் அவருடைய சொந்தப் படத்தின் தலையில் இருந்த சிவப்புக் கம்பளித் தொப்பியை வெட்டிக் கை நிறையப் பசை தடவினார். கதிரையில் ஏறினார். "படத்தைத் தொடக் கூடாது!" என்று காவலாளி அலறிக்கொண்டு ஓடி வருவதற்குள், இரண்டு காதும் மூடுகிற மாதிரி மாமனாருக்குத் தொப்பி போட்டாகிவிட்டது.

மூன்று விண்ணப்பத்துக்கும் வராதவரைக் கூட்டி வந்த அந்த விசரனை நான் அங்கேயே கட்டிப் பிடித்தேன். என் நல்ல கோட்டு முழுக்கப் பசையாகிவிட்டது. இன்றுவரை அதைத் தோய்க்க எனக்கு மனம் வரவில்லை.