கருத்துப் பெட்டிக்குப் பின்னால் இருந்த பொத்தான்

"வாயை மூடு" என்று சொல்லும் அதிகாரிகளால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை. அவர்கள் சொன்னால் நாம் மூடிக்கொள்கிறோம், வீட்டுக்கு வந்து அடுக்களையில் திட்டித் தீர்க்கிறோம், அத்தோடு விஷயம் முடிந்தது. இங்கே பேசப்போவது வேறோர் இனத்தைப் பற்றி. "மனசுல பட்டதைத் தயங்காம சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் இனம். அடையாளம் காண்பது சுலபம். கேட்கும்போது வாயைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்.

ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துத் தரும் அந்தச் சலவைக்கூடத்தின் மேலாளர், கேட்ட கையோடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். சட்டை நுனியால் துடைப்பார், வாயால் ஊதுவார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், திரும்பவும் துடைப்பார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாது. பதினோரு வருடத் திங்கட்கிழமைக் கூட்டங்களில் இதை ஒருத்தி மட்டும் ஒன்று விடாமல் கவனித்திருந்தாள். மடிப்பு மேசைக்காரி. பேசுவதே அபூர்வம், பேசினாலும் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும் என்பதால் எல்லோரும் அவளை மெதுவக்கா என்றார்கள். மேலாளருக்கும் ஒரு பெயர் உண்டு, அவருக்குத் தெரியாமல்: சொல்லுங்க சார்.

கேட்டால் சொல்லாமல் இருப்பார்களா? ஆரம்பத்தில் சொன்னார்கள். சலவைத்தூள் தண்ணீரில் கரையாமல் கட்டி தட்டுகிறது என்றார் துவைக்கும் இயந்திரக்காரர். "அருமையான கருத்து" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கிய சொல்லுங்க சார், அதையே நான்கு பக்கத்தில் எழுதி மாலைக்குள் கொடுக்கச் சொன்னார். எழுதுகிற வேலைக்குப் பயந்துதானே மனிதர் துணி துவைக்க வந்திருந்தார்? அன்றிலிருந்து அவருக்குக் கட்டி கண்ணில் படவே இல்லை. மின்விசிறி சுற்றவில்லை என்றாள் ஒருத்தி. "உங்களுக்கு மட்டும்தான் புழுக்கமா இருக்கா? மத்தவங்க சொல்லுங்க" என்று அவர் திரும்ப, மற்றவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினார்கள். மறுவாரம் அவளுக்கு நீராவிக் குழாய்ப் பக்கம் இடம் மாறியது. தண்டனை இல்லை, பொறுப்பு. அவரே அப்படித்தான் சொன்னார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது சொல்லுங்க சார் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய், நல்ல தலைவன் கீழே இருப்பவர் குரலைக் கேட்பான் என்று கற்றுக்கொண்டு, கையில் ஒரு பெட்டியோடு திரும்பினார். தேக்கு மரம், பளபளப்பு மெருகு, மேலே சீட்டு போட ஒரு வாய், கீழே சின்னப் பூட்டு. சாவி அவர் இடுப்பில். எல்லோரும் கடந்துபோகும் இடத்தில் மாட்ட வேண்டும் என்று கூடம் முழுக்கச் சுற்றி வந்தவர், கடைசியில் ரோலர் பக்கத்துச் சுவரைக் காட்டினார்.

ரோலர் என்பது விரிப்புகளை உள்ளே இழுத்துச் சூட்டில் அழுத்தித் தள்ளும் பெரிய இஸ்திரி உருளை. அவசரத்துக்கு அதை நிறுத்த, அருகே சுவரில் கை எட்டும் தூரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். பெட்டி சரியாக அதன்மேல் உட்கார்ந்தது.

"பொத்தான் இருக்கே சார்" என்றார் ஆணி அடித்தவர்.

"மூணு வருஷத்துல யாராவது அமுக்கியிருக்காங்களா? தேவையில்லைன்னுதானே அர்த்தம்?" என்ற சொல்லுங்க சார், பெட்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

ரோலரில் விரிப்பைக் கொடுப்பவள் மெதுவக்காவின் தங்கை. ஈரத் துணியின் ஓரம் சில நேரம் விரலில் சுற்றிக்கொள்ளும். அப்போது ஒரு கை உருளைப் பக்கம் போய்க்கொண்டிருக்க, இன்னொரு கை பொத்தானைத் தட்ட வேண்டும். இப்போதோ பெட்டியைத் தூக்கி இறக்கவே இரண்டு கையும் வேண்டும். மூன்றாவது கைக்கு எங்கே போவது? இது இருபத்திரண்டு பேருக்கும் தெரியும். தேநீர் வேளையில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. கூட்டத்திலோ இருபத்திரண்டு பேரும் தரையில் எதையோ தொலைத்தவர்கள் போல நின்றார்கள்.

மெதுவக்காவுக்குத் தூக்கம் போயிற்று. ஒருநாள் இடது கையால் கோணல்மாணலாக எழுதி ஒரு சீட்டைப் போட்டாள்: "பெட்டியை அங்கிருந்து எடுங்கள்." மாதக் கடைசியில் சொல்லுங்க சார் அதை உரக்கப் படித்தார். முகம் வாடிவிட்டது. கருத்துச் சொல்வதையே பிடிக்காத ஒருவர் நமக்குள் இருக்கிறார் என்று அரை மணி நேரம் வருந்திப் பேசினார். உழைப்பவர் குரலை யாராலும் அகற்ற முடியாது என்று முடித்து, மறுநாளே ஆணியை எடுத்துவிட்டு நான்கு திருகாணி போட்டுப் பெட்டியைச் சுவரோடு இறுக்கினார்.

"நல்லா எழுதினே போ" என்றாள் தங்கை. "முன்னாடி தூக்கவாவது முடிஞ்சுது." பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: "நீ வாயால சொல்லுக்கா. கண்ணாடி இல்லாட்டி அவருக்கு ஆள் தெரியாது, குரல்தான் தெரியும். உன் குரலை அவரு கேட்டதே இல்லையே."

அடுத்த திங்கட்கிழமை கண்ணாடி கழன்றது. ஊதல் முடிந்து துடைப்பு தொடங்கியது. அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு புதுக் குரல் வந்தது.

"பெட்டிக்குப் பின்னால ரோலரை நிறுத்துற பொத்தான் இருக்கு சார். இப்ப அதை அமுக்கணும்னா நாலு திருகாணியைக் கழட்டணும். கை மாட்டினவங்க திருப்புளியோட வரமாட்டாங்க சார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத் தொடர்ந்து கூடமே சிரித்தது. சொல்லுங்க சார் அவசரமாகக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தபோது இருபத்தொரு பேர் தரைக்குத் திரும்பியிருந்தார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் நின்றவள் தங்கை ஒருத்திதான்.

"நீங்கதானா? சரி, இன்னும் பெரிய பொறுப்பா பார்த்துத் தர்றேன்" என்றார்.

ரோலரைவிடப் பெரிய பொறுப்பு அந்தக் கூடத்தில் ஒன்றுதான் உண்டு. கொதிகலன். மெதுவக்கா ஓரடி முன்னால் வந்தாள். "நான்தான் சார் சொன்னேன்."

சொல்லுங்க சார் அவளை மேலும் கீழும் பார்த்தார். பதினோரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவளை அன்றுதான் பார்க்கிறார். "அருமையான கருத்து. எழுதிப் பெட்டில போடுங்க."

அவள் போட்டாள். வலது கையால், பெயரோடு. போட்டுவிட்டுக் கேட்டாள்: "எப்ப சார் திறப்பீங்க?"

"மாசக் கடைசில."

"அப்ப மாசக் கடைசில ரோலரை ஓட்டுறோம் சார்" என்றாள். தங்கை விரிப்பைக் கீழே வைத்தாள். துவைக்கும் இயந்திரக்காரரும் துவைத்ததையெல்லாம் ரோலர் முன்னால் கொட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஈர விரிப்புகள் இடுப்பு உயரம் எழும்பின, தோள் உயரம் எழும்பின, ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை ஃபோன் வந்தது. பகல் சாப்பாட்டுக்கு முன் பெட்டி வாசல் பக்கம் போய்விட்டது. திருகாணியைக் கழற்றியவர் சொல்லுங்க சாரேதான். ஊழியர் பாதுகாப்புக்காகத் தனக்கு உதித்த யோசனை என்று அடுத்த பயிற்சியில் அவர் சொன்னதாகவும், அங்கே பலமாகக் கைதட்டினார்கள் என்றும் கேள்வி.

மெதுவக்காவுக்கும் பொறுப்பு கிடைத்தது. மடிப்புப் பகுதித் தலைவி. ரோலரிலிருந்து மடிப்புக்கு மாறி வந்த தங்கையையும் சேர்த்து எட்டுப் பேர் அவள் கீழே. சொல்லுங்க சார் மாதிரி இருந்துவிடக் கூடாது என்று முதல் நாளே எட்டுப் பேரையும் கூப்பிட்டு, "எங்கிட்ட எது தப்பா இருந்தாலும் முகத்துக்கு நேரா சொல்லிடுங்கம்மா" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

போன மாதம் புதிதாக வந்த ஒருத்தி சொல்லியும்விட்டாள். "ஜன்னல் பக்கத்து மேசை எப்பவும் உங்க தங்கச்சிக்கே போகுதுக்கா." மெதுவக்கா கண்ணாடி போடுவதில்லை. ஆனால் அந்த நொடியில் அவள் ஒரு விரிப்பை எடுத்து இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி உதறினாள். அது விரிந்து நின்ற நேரம் முழுக்கப் பேசியவளின் முகம் அவளுக்குத் தெரியவில்லை. உதறி முடித்து, "நல்ல கருத்தும்மா" என்றாள். விரிப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவள் அதற்குள் தன் மேசைக்குத் திரும்பியிருந்தாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்று ராத்திரி சாப்பாட்டு வேளையில் உங்கள் பிள்ளைகளிடமோ, வீட்டுக்காரரிடமோ, உங்களிடம் வேலை செய்பவரிடமோ, "என்னைப் பத்தி என்ன நினைக்கிறீங்க, சும்மா சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, உங்கள் கை எதைத் தேடிப் போகிறது என்று பாருங்கள்.

இன்றைய நிலைமை இதுதான். சிவப்புப் பொத்தான் திறந்த சுவரில் இருக்கிறது, யார் கைக்கும் எட்டும். பெட்டி வாசலில் இருக்கிறது, காலி. ஜன்னல் பக்கத்து மேசையில் தங்கை இருக்கிறாள். புதிதாக வந்தவள் நீராவிக் குழாய்ப் பக்கம் வேலை பார்க்கிறாள். அங்கே ஓர் ஆள் குறைவாக இருந்ததால்தான் மாற்றியதாக மெதுவக்கா சொல்கிறாள்.